ஏரிக்கரைத் தெருவுக்கு ஒரு சங்கு

விழுப்புரம்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வி,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த இரண்டு பேர் இப்படித் தபாலில் பேசிக்கொள்வதை மயிலம் காலேஜில் நமக்குப் பாடம் எடுத்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். வீட்டு முகவரிக்குப் போட்டால் கிழித்து அடுப்பில் வைத்துவிடுவாய். நீ வேலை பார்க்கும் கடலை மண்டியில் முதலாளி எதிரே கிழிக்க மாட்டாய் என்ற தைரியத்தில் இதை மண்டிக்கு அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையில்தான் இன்னும் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். ஏரிகளில் நீர்மட்டக் கருவி வைத்திருக்கிறோம். உங்கள் ஏரியில் தண்ணீர், உபரி வழியும் கலங்கலைத் தொடும் முன்பே என் திரையில் தெரிந்துவிடும். உடனே ஏரிக்குக் கீழே இருக்கும் குடும்பங்களுக்கு எச்சரிக்கைச் செய்தி போகும். மழைக்காலம் வருவதற்குள் எல்லாருடைய போன் நம்பரையும் சரிபார்க்க வேண்டும். அதற்காகப் போன வாரம் எங்கள் ஆட்கள் உங்கள் ஏரிக்கரைத் தெருவுக்கு வந்தார்கள். ஒருவர்கூட நம்பர் தரவில்லை. கெங்கம்மாள் அக்கா மட்டும் வாசலுக்கு வந்து, "போன தபா சொன்னா மாதிரியே இந்தத் தபாவும் சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

நீ சொன்னால் கேட்பார்கள். ஒரு தடவை பேசிப் பார். போன வருஷப் புயலுக்குப் பிறகு எங்கள் அறிக்கையிலிருந்து பேப்பரில் வந்த அந்த வரியைப் பற்றி நாம் நேரில் பேசிக்கொள்வோம். உன் அப்பா அடக்கத்தன்று என் தோளில் சாய்ந்துதான் அழுதாய். அதை நான் மறக்கவில்லை.

வெண்ணிலா


திண்டிவனம்
18 ஆகஸ்ட் 2025

வெண்ணிலா,

முதலாளி எதிரில்தான் படித்தேன். கிழிக்கவில்லை. மல்லாட்டை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, கை ஓயவில்லை.

அந்த வரியை நேரில் பேசிக்கொள்வோமா? எனக்கு அது மனப்பாடம். "உரிய நேரத்தில் எச்சரிக்கை அனுப்பப்பட்டும் குடியிருப்புவாசிகள் பொருட்படுத்தாமல் வீடுகளிலேயே தங்கியதால் உயிரிழப்பு ஏற்பட்டது." உயிரிழப்பு என்று நீங்கள் எழுதினது என் அப்பா ஆரோக்கியராஜை. பொருட்படுத்தாமல் என்று எழுதினதும் அவரைத்தான்.

அன்றைக்கு நான் திண்டிவனத்தில் மாட்டிக்கொண்டேன். பஸ் இல்லை. நடந்ததை அண்ணன் சகாயராஜ் சொல்லித்தான் தெரியும். புயல் வரும் என்று டிவி சொன்னது. எல்லாரும் கூரையைக் கட்டினார்கள், விறகை உள்ளே போட்டார்கள். ஏரி கலங்கலைத் தாண்டிவிட்டது என்று டிவி சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவள் நீ. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது தெருவுக்குள் தண்ணீர் வந்தது. அண்ணன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினான். அப்பாவும் கூடவே வந்தவர்தான். "கன்னுக்குட்டி கட்டிக்கினு கீதுடா, அவுத்து வுட்டுட்டு வந்துடறேன்" என்று திரும்பிப் போனார். மறுநாள் வேலிக்காத்தான் புதரில் கிடைத்தார். கயிறு கையில் இருந்தது.

செய்தி வந்திருந்தால் காலையிலேயே கன்றை அவிழ்த்திருப்பார். அவருக்கு மனுஷனைவிட மாட்டைப் பற்றித்தான் கவலை அதிகம்.

உன் செய்தி எங்கள் தெருவில் ஒரு போனுக்கும் வரவில்லை. வந்தது என்று நீ எழுதுகிறாய், இல்லை என்று நாங்கள் சொல்கிறோம். யார் பேச்சு பேப்பரில் வந்தது? அந்த வரியை எடு. எடுத்த பிறகு நம்பரைப் பற்றிப் பேசலாம்.

ஆரோக்கியசெல்வி


விழுப்புரம்
27 ஆகஸ்ட் 2025

செல்வி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

நான் பொய் எழுதவில்லை. உங்கள் தெருவில் ரேஷன் கார்டு இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அன்றைக்குக் காலையிலேயே செய்தி போனது. போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பச்சை அடையாளம் வந்திருக்கிறது. நேற்றும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. போன் அணைந்திருந்தால் பச்சை வராது, செல்வி. போய்ச் சேராமல் பச்சை வராது.

நீயும் பொய் சொல்கிறவள் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை, தூக்கமும் வரவில்லை.

சண்டை போட்டுக்கொண்டே இருப்பதைவிடச் சோதித்துப் பார்த்துவிடலாம். வருகிற மாதம் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு சோதனைச் செய்தி அனுப்புகிறேன். நீ லீவு போட்டுவிட்டுத் தெருவில் நில். எல்லாரையும் போனும் கையுமாக வாசலில் நிற்கச் சொல். மணி அடிக்கிறதா இல்லையா என்று உன் காதாலேயே கேள். ஒரு போனுக்கும் வரவில்லை என்று நீ எழுதினால் நான் அந்த வரியை எடுக்க வைக்கிறேன். வேலை போனாலும் பரவாயில்லை.

வந்துவிட்டது என்றால் நீ என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை.

வெண்ணிலா


திண்டிவனம்
15 செப்டம்பர் 2025

வெண்ணிலா,

எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். இது எனக்குள்ளேயே இருந்தால் உன்னைத் திட்டிக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடலாம், சுலபம். ஆனால் அடுத்த மழை என்னைக் கேட்டுக்கொண்டு வராது.

சனிக்கிழமை லீவு போட்டேன். மாதா கோயில் எதிரே எல்லாரையும் நிற்க வைத்தேன். கெங்கம்மாள் அக்கா போனைத் துண்டில் துடைத்துக் கையில் ஏந்திக்கொண்டு நின்றது, யாரோ படம் பிடிக்க வருகிற மாதிரி. பன்னிரண்டு ஆனது. ஒரு போனும் சத்தம் போடவில்லை. திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. "பாத்தியா, நாங்க சொன்னது நெசமா பொய்யா?" என்று அக்கா என்னைக் கேட்டது. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த நேரத்தில் அண்ணன் கூட்டு ரோட்டில் இருக்கும் தன் கடையிலிருந்து வண்டியில் வந்தான். அவன் கடை உனக்குத் தெரியும். ஆதார், ரேஷன் கார்டு, கேஸ், பட்டா, எங்கள் தெருவுக்கு எல்லா விண்ணப்பமும் அவன்தான் போடுகிறான். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, சாய்த்துப் போட்டுவிட்டு வந்தான். அவன் கையில் ஒரு பட்டன் போன். அது அவன் கையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு செய்தி முடிவதற்குள் அடுத்தது. எல்லாம் ஒரே செய்தி, உன் சோதனைச் செய்தி.

விண்ணப்பம் போடும்போது நம்பர் கேட்கும், அந்த நம்பருக்கு ஓடிபி வரும் இல்லையா? எங்கள் தெருவில் பாதி ஆம்பளைகள் சென்னையில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். போன் அவர்களோடு போய்விடும். சிம்மையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். "உன் நம்பரயே போட்டுக்க சகாயம், எங்களுக்கு இன்னா வரப்போவுது" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவனும் ஒவ்வொரு கார்டுக்கும் கடையில் ஓடிபிக்கென்று வைத்திருக்கும் அந்த போன் நம்பரைப் போட்டுவிட்டான். எங்கள் வீட்டுக் கார்டுக்கும் அதுதான். அது எப்போதும் கடை டிராயரில் கிடக்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும்.

புயல் அன்றைக்குக் கடை பூட்டிக்கிடந்தது. அண்ணன் வீட்டில் இருந்தான். எங்கள் தெருவுக்கு வந்த எச்சரிக்கை முழுக்க அந்த டிராயருக்குத்தான் வந்திருக்கிறது. நீ சொன்ன பச்சையும் நிஜம், நாங்கள் சொன்னதும் நிஜம். அப்புறம் கடை திறந்தபோது செய்திப்பெட்டி நிரம்பியிருந்ததாம், பார்க்காமலே மொத்தமாக அழித்திருக்கிறான்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அண்ணன் கோயில் படியிலேயே உட்கார்ந்திருந்தான். "அப்பாவ நாந்தான் கொன்னுட்டனா செல்வி?" என்றான். இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

இதை நீ என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது.

செல்வி


விழுப்புரம்
22 செப்டம்பர் 2025

செல்வி,

முதலில் ஒன்று. சகாயராஜ் அண்ணன் யாரையும் கொல்லவில்லை. நான் சொன்னேன் என்று அவரிடம் சொல். அத்தனை வீட்டுக்கும் ஒரே நம்பருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அதைப் பார்த்து ஒரு சந்தேகமும் வராத இயந்திரத்தை நாங்கள் வைத்திருக்கிறோம். பச்சையைப் பார்த்ததோடு வேலை முடிந்தது என்று நானும் எழுந்துவிட்டேன். திட்டுவதென்றால் இங்கிருந்து ஆரம்பி.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மற்ற ஊர்களையும் பார்த்தேன். ஒரே நம்பரில் தெருவே அடங்குகிற இடம் உங்களுடையது மட்டும் இல்லை. ஒரு ஊரில் ரேஷன் கடைக்காரர் நம்பர், இன்னொன்றில் வார்டு மெம்பருடையது. மரக்காணம் பக்கம் ஒரு குப்பத்தில் எப்போதோ துபாய்க்குப் போய்விட்ட ஒருவரின் நம்பர். அவருக்கு அங்கே புயல் எச்சரிக்கை போயிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எங்கள் மேடத்திடம் சொன்னேன். "அது முடிஞ்சுபோன ஃபைல்மா, இப்ப எடுத்தா நம்ம ஆபீஸ்தான் பதில் சொல்லணும்" என்றார். பதில் சொல்லலாம் மேடம் என்றேன். டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது என்பதை நினைவுபடுத்தினார். அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார். நான் மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார். தினமும் போய் மேஜை முன்னால் நிற்கிறேன். என்னைப் பார்த்தாலே இப்போது தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார்.

ஆனால் அண்ணன் விஷயத்தை எழுதாமல் அந்த வரியை மாற்ற முடியாது. பெயர் போடாமல் எழுதுகிறேன். அதற்கும் உன் சம்மதம் வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு அபாயச் சங்கு வந்திருக்கிறது. சோலாரில் ஓடும், கரண்ட் போனாலும் ஊதும். நாங்கள் செய்தி அனுப்பினால் தானாகவே ஊத ஆரம்பிக்கும். ஊர்த்தெரு வாட்டர் டேங்க் மேல் வைக்கலாம் என்று பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வெண்ணிலா


திண்டிவனம்
7 அக்டோபர் 2025

அன்புள்ள வெண்ணிலா,

சம்மதம். பெயரைப் போட்டாலும் சரி. இனி மறைக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நானே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். வேறு யாராவது காதில் ஊதிப் பெரிதாக்குவதற்கு முன்னால் எங்கள் வாயாலேயே தெரியட்டும் என்று. அண்ணன் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்புறம் கெங்கம்மாள் அக்காதான் ஆரம்பித்தது. "அவன் நம்பரப் போடுன்னு சொன்னது நாங்கதான? இப்ப இன்னாத்துக்கு அந்தப் புள்ளையப் போட்டு வதைக்கிறீங்க? அடுத்து இன்னா பண்றதுன்னு பேசுங்க" என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனிடம் அன்றைக்குச் சொல்லாததை அங்கேயே எல்லார் எதிரிலும் சொன்னேன்.

இப்போது சங்கு. ஊர்த்தெரு டேங்க் மேல் வைக்கிறார்களாம். உனக்கு இடம் தெரியும், காலேஜ் நாளில் எத்தனை தடவை வந்திருப்பாய். ஊர்த்தெரு மேட்டில் இருக்கிறது. அங்கே முழங்கால் தண்ணீர்கூட வந்ததில்லை. ஏரி உடைந்தால் முதலில் வருவது எங்கள் தெருவுக்கு. புயல் காற்றில் அந்த டேங்க் சத்தம் எங்களுக்குக் கேட்கவே கேட்காது. நல்லது எது வந்தாலும் மேட்டோடு நின்றுவிடுகிறது, தண்ணீர் மட்டும்தான் எங்களைத் தேடி வருகிறது. சங்கை எங்கள் மாதா கோயில் கோபுரத்தில் வை. பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். நாங்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாலுகா ஆபீஸில் கொடுத்துவிட்டோம். எடுத்து வர ஆள் இல்லை என்றால் மண்டி வண்டியில் நானே வந்து தூக்கிக்கொண்டு போகிறேன்.

கடைசியாக ஒன்று. அண்ணன் அந்தப் போனை ஏரியில் எறியப் போனான். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். உன் சங்குக்குள் ஒரு சிம் போட வேண்டும் இல்லையா? இந்த சிம்மையே போடு. எல்லாரும் நம்பர் மாற்றி முடிப்பதற்குள் மழை வந்துவிடும். தெரு முழுக்க அந்த நம்பரில்தான் இருக்கிறது. டிராயரில் கிடந்தது கோபுரத்தில் உட்காரட்டும்.

செல்வி


விழுப்புரம்
12 நவம்பர் 2025

அன்புள்ள செல்வி,

நீங்கள் கொடுத்த மனுவும் நான் நின்ற நிற்பும் சேர்ந்து வேலை செய்துவிட்டன. கோபுரத்தில் சங்கு ஏறியதை போட்டோவில் பார்த்தேன். உன் யோசனைதான், அதே சிம். எங்கள் ஆபீஸிலிருந்து வரும் செய்திக்கு மட்டும் ஊதும்படி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் கடன் வேண்டுமா என்று எவனாவது அனுப்பினால்கூடத் தெருவே எழுந்து ஓடும். ஓடிபி இனி அண்ணன் கடைக்கு வராது. வேண்டும் என்பவர்கள் கோபுரத்தில் ஏற வேண்டும், இல்லை சொந்த நம்பர் கொடுக்க வேண்டும். கெங்கம்மாள் அக்கா முதல் ஆளாகக் கொடுத்துவிட்டாராம்.

திருத்திய அறிக்கை நேற்று வந்தது. மேடம்தான் கையெழுத்துப் போட்டார். போடும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: "அனுப்பப்பட்ட எச்சரிக்கை குடியிருப்புவாசிகளைச் சென்றடையவில்லை. திரு. ஆரோக்கியராஜ் எச்சரிக்கை ஏதும் கிடைக்காத நிலையில் உயிரிழந்தார்." உயிரிழப்பு என்று இருந்த இடத்தில் அப்பா பெயரைப் போட வைத்தேன். அதற்காக மட்டும் தனியாக ஒரு நாள் நின்றேன்.

பேப்பரில் இதைப் போட மாட்டார்கள். நகல் வைத்திருக்கிறேன்.

என் ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வங்கக் கடலில் ஏதோ உருவாகிறது என்கிறார்கள். என்ன ஆனாலும் இந்த மழை முடியும் வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

வெண்ணிலா


திண்டிவனம்
6 டிசம்பர் 2025

அன்புள்ள வெண்ணிலா,

பஸ் நேற்றுதான் ஓட ஆரம்பித்தது. மண்டியில் ஈர மூட்டைகளைப் பிரித்துக் காய வைக்கிறார்கள். அதற்கு நடுவில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். நல்ல மழை, ஆனால் தெருவில் தண்ணீர் இல்லை. அப்போது சங்கு ஊதியது. யாரும் யாரையும் கேட்கவில்லை. கூழை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். அண்ணன் முதலில் தொழுவத்துக்குத்தான் ஓடினான். கன்றை அவிழ்த்துவிட்டான், பிறகுதான் பிள்ளைகளைத் தூக்கினான். அண்ணி இன்னும் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கெங்கம்மாள் அக்கா கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு, "ஜல்தி வாங்கடி, அப்புறமா சீவி முடிக்கலாம்" என்று எல்லாரையும் துரத்தியது. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் மதியத்துக்கு மேல்தான் தெருவுக்குள் வந்தது. இடுப்பளவு வந்தது. வீடுகளில் ஆள் இல்லை.

காலையில் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோதே நீ கூப்பிட்டாய். உன்னை எப்போது அன்பிளாக் செய்தேன் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். திரையில் பச்சை வந்தபோதும் நீ நம்பாமல்தான் கூப்பிட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். "செல்வி, செல்வி" என்று கத்தினாய். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபத்தில் பேசாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. நான் பேசியிருந்தால் உனக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது. நீ அந்தப் பக்கம் அழுதது எனக்குக் கேட்டது.

அப்பா கல்லறை தண்ணீரில் மூழ்கி இன்னும் சேறாகக் கிடக்கிறது. பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை கழுவப் போகிறோம். நீ அந்த நகலை எடுத்துக்கொண்டு வா. தபாலில் அனுப்பாதே. அங்கே நின்று அவர் பெயர் இருக்கும் அந்த வரியை நீதான் படிக்க வேண்டும்.

செல்வி